மருமகன் ஓட்டிய வண்டியும் மாமியின் காலும்

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. உறவினர் ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால், நாம் வாளாவிருக்க எண்ணினாலும் நம் உடல் இருக்கவிடாது என்பது அதன் பொருள். ஆயின், அந்தத் துன்பத்தை விளைவித்தவரும் நம் உறவினரே என்றால் என்ன செய்வது? நம் சதை யாருக்காக ஆடுவது? காயப்பட்டவருக்காகவா, காயப்படுத்தியவருக்காகவா? இவ்வாரம் வாசக நேயர்களோடு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

அம்பாறைக் கரையோரத்து வீதியை அறியாதவர் கிழக்கிலங்கையில் இல்லை. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊரோடு ஊர் தோள் உரசி நிற்க, அவற்றினூடே மட்டக்களப்பு நோக்கிச் செல்கிறது அவ்வீதி. கிழக்கே கடல்; மேற்கே வயல். சந்தை, பாடசாலை, பள்ளிவாசல், ஆஸ்பத்திரி என்று எதற்குப் போவதானாலும் அவ்வீதியில் ஏறியே ஆக வேண்டும். வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் என்ற நிலை வந்து நெடுநாளாயிற்று. அதனை ஓட்டுபவர் மகன், பின்னால் இருப்பவர் உம்மா. ஓட்டுபவர் காக்கா, பின்னால் இருப்பவள் தங்கை. நம் வீதிகளிற் செல்லும் வண்டிகளில் ஏறியிருப்போர் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவினரே.

ஒரு வீட்டின் கதை

மருதமுனையில் ஒரு வீட்டை மனக்கண்ணாற் காண்போம். அது கற்பனை வீடுதான். ஆனால் எந்த வீடாகவும் இருக்கலாம். அவ்வீட்டு உம்மா கைத்தறி நெய்பவர். மகளுக்குத் திருமணமாயிற்று. இக்கரையின் வழக்கப்படி வீடு மகளுக்குச் சேர, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். மரியாதையான பிள்ளை, மாமியைத் தாய்போல எண்ணுபவர்.

ஒரு நாள் சம்மாந்துறையில் உறவினர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மருமகன் மோட்டார் சைக்கிளை எடுக்க, மாமி பின்னால் ஏறிக்கொண்டார். கல்முனை கடந்து, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் வயல்வெளி. அறுவடைக் காலமாதலால் வீதியோரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. முன்னே ஓர் உழவு இயந்திரம் மெல்லச் சென்றது. சற்றுப் பொறுத்திருக்கலாம், மருமகன் பொறுக்கவில்லை. வேகத்தைக் கூட்டி முந்தப் பார்த்தார். எதிரே ஒரு வண்டி வர, ஓரத்துக்கு ஒடித்தார். சில்லு நெல்லின் மேல் ஏறிச் சறுக்கியது. அவருக்குக் கையிற் சிராய்ப்பு. மாமிக்குக் கால் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக் குடும்பம் கூடியது. பொலிசார் வாக்குமூலம் கேட்க வருவார்கள்; என்ன சொல்வது? "மாடு குறுக்கே வந்தது என்று சொல்லிவிடுவோம்" என்றார் ஒருவர். கட்டிலிற் கிடந்த மாமியோ, "மருமகனுக்கு ஒண்டும் வரப்படா மகள், மாடு எண்டே சொல்லுங்க" என்றார். அப்படியே எழுதப்பட்டது, அப்படியே ஒப்பமிடப்பட்டது. அன்பினாற் சொன்ன பொய் அது. ஆனால் மாதங்கள் சென்றன. கால் நேராகவில்லை. காலால் மிதித்து ஓட்ட வேண்டிய தறி மௌனமாய்க் கிடந்தது. மருந்துச் செலவு ஒருபுறம். நின்றுபோன வருமானம் மறுபுறம். காப்புறுதிப் பணம் ஏதும் கிடைக்குமா என்று பின்னர் கேட்கப் போனால், முதல் நாள் வாக்குமூலம் எதிரே வந்து நிற்கிறது. மாடு குறுக்கே வந்ததென்றால் ஓட்டியவர் மேல் தவறென்ன? தவறில்லையேல் பொறுப்பேது? பொறுப்பில்லையேல் நஷ்டஈடு ஏது?

அந்த ஒரு பொய் மருமகனைக் காத்ததோ இல்லையோ, மாமியைக் கைவிட்டுவிட்டது.

சட்டத்தின் கண்ணில் உறவு

இலங்கையில் முஸ்லிம்களுக்குத் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை ஆகியவற்றில் தனிச்சட்டம் உண்டு. காதி நீதிமன்றத்தை அறியாதவர் நம் ஊர்களில் இல்லை. ஆனால் வீதி விபத்தினால் வரும் நஷ்டஈட்டு வழக்கு அங்கே செல்வதன்று. அது எல்லா இனத்தாருக்கும் பொதுவான ரோமன்-டச்சுச் சட்டத்தின்பாற் பட்டது. ஒல்லாந்தர் கொண்டுவந்த அச்சட்டத்தை ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் நிலைக்கவிட்டனர். இன்றும் நம் நாட்டின் பொதுச்சட்டம் அதுவே.

கவனயீனத்தால் பிறருக்குத் தீங்கு செய்தவன் அதனை ஈடுசெய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. கவனம் என்பதை எதைக்கொண்டு அளப்பது? ரோமர் அதற்கொரு மனிதனையே அளவுகோலாக வைத்தார்கள். அம்மனிதன் யார் தெரியுமா? 'கவனமுள்ள குடும்பத் தலைவன்.' அத்தகையவன் அவ்விடத்தில், அந்நிலையில் எப்படி நடந்திருப்பான் என்று நீதிபதி தம்மையே கேட்டுக்கொள்கிறார். நெல் பரப்பிய வீதியில், மாமியைப் பின்னால் வைத்துக்கொண்டு, கவனமுள்ள குடும்பத் தலைவன் உழவு இயந்திரத்தை முந்தியிருப்பானா? விடையை வாசகரே சொல்லலாம்.

ஓட்டுபவரின் இக்கடமை வீதியில் நடப்போருக்கு மட்டும் உரியதன்று. அவர் வண்டியில் ஏறியிருப்பவருக்கும் உண்டு. ஏறியிருப்பவர் கூலி கொடுத்தவரா, கொடாதவரா, அன்னியரா, மாமியா என்பது அக்கடமையைக் குறைப்பதில்லை. அன்பு இருக்கிறது என்பதனாற் கவனம் தேவையில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கணவன், மனைவி என்ற உறவுக்கு மட்டும் சட்ட வரலாற்றில் ஒரு தனிக்கதை உண்டு. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, கணவனின் கவனயீனத்தால் காயப்பட்ட மனைவி அவன்மீது வழக்குத் தொடுக்க இயலாதிருந்தது. ஆகவே கணவன் மனைவிக்கிடையே இத்தகைய பிரச்சினை எழுந்தால், முதலிலேயே சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

முழங்கால் முறிந்த நண்பர்

சட்ட மாணவர் அனைவரும் அறிந்த ஆங்கில வழக்கொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. திருமதி வெஸ்டன் என்பவர் கணவரின் காரில் ஓட்டப் பழக விரும்பினார். குடும்ப நண்பரான நெட்டில்ஷிப்பைக் கற்பிக்கும்படி கேட்டார். அவர் நல்ல மனிதர். அதே வேளை விவேகி. "எனக்கு விபத்து நேர்ந்தால் உங்கள் காப்புறுதி ஈடு செய்யுமா?" என்று முதலிலேயே கேட்டறிந்தார். செய்யும் என்று பத்திரத்தைக் காட்டிய பின்னரே காரில் ஏறினார். மூன்றாம் நாட் பாடத்தில், 1967ஆம் ஆண்டு, இடப்புறம் திரும்பிய கார் நேராகாமல் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. நெட்டில்ஷிப்பின் முழங்காற் சில்லு உடைந்தது.

முதலில் விசாரித்த நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். 1971இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பழகுநராயினும் திறமையுள்ள சாரதிக்குரிய கவனமே அவரிடமும் எதிர்பார்க்கப்படும் என்றும், காரில் இருந்த நண்பருக்கும் அக்கடமை உண்டு என்றும் தீர்ப்பாயிற்று. கற்பித்தவருக்கும் காரை அடக்கும் பொறுப்பிற் பங்கு இருந்தமையால் நஷ்டஈடு பாதியாக்கப்பட்டது. அறத்தின்படி அப்பெண்மணி குற்றமற்றவராயினும் சட்டத்தின்படி பொறுப்பாளியே என்பது நீதிபதி டென்னிங் பிரபுவின் கருத்து. இச்சொல்லை நம் மாமி கேட்டிருந்தால், "மருமகன் கெட்டவரா?" என்ற கேள்வியும், "மருமகன் பொறுப்பாளியா?" என்ற கேள்வியும் வெவ்வேறானவை என்று தெளிந்திருப்பார். ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதனால் ஆனை பொல்லாததாகிவிடாது. ஆனால் அதன் காலடியில் நசுங்கியதும் இல்லையென்றாகிவிடாது.

உண்ட வீட்டுக்கு இரண்டகமா?

"இலவசமாய் ஏற்றிச் சென்றவர்மீது வழக்குப் போடுவது நன்றிகெட்ட செயலன்றோ?" என்று சிலர் கேட்பர். அமெரிக்கரும் இதே கேள்வியைக் கேட்டனர். கலிபோர்னியா மாநிலத்தில் 1929இல் ஒரு சட்டம் வந்தது. கூலி கொடாமல் விருந்தாளியாக ஏறியவர், சாரதியின் சாதாரணக் கவனயீனத்துக்காக வழக்கிட முடியாது என்றது அது. விருந்தளித்தவருக்கு இரண்டகம் செய்யலாகாது என்பது ஒரு காரணம். உறவினரும் நண்பரும் கூடிப் பேசிப் பொய்க்கதை கட்டிக் காப்புறுதிக் கம்பனியை ஏமாற்றுவர் என்ற அச்சம் மற்றொரு காரணம்.

1973ஆம் ஆண்டு அம்மாநில உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. சிலர் ஏமாற்றக்கூடும் என்பதற்காக, உண்மையாகவே காயப்பட்ட அனைவரின் வாயையும் அடைப்பது நியாயமன்று என்பது அந்நீதிமன்றம் கண்ட முடிவு. இதில் நமக்கும் பாடமுண்டு. உள்ளதைச் சொல்லி உரிமை கேட்பது வேறு. இல்லாததைச் சேர்த்துப் பணம் பறிப்பது வேறு. பின்னது மோசடி, அது சட்டப்படி குற்றமும் ஆகும்.

வண்டி யாருடையது? பை யாருடையது?

ஓட்டியவர் ஒருவர், வண்டிச் சொந்தக்காரர் வேறொருவர் என்றால் பொறுப்பு யாருக்கு? அமெரிக்காவின் சில மாநிலங்களில், குடும்பத் தேவைக்கென்று வைத்திருக்கும் வாகனத்தைக் குடும்பத்தவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் குடும்பத் தலைவரே பொறுப்பாவார் என்ற கொள்கை உண்டு. இங்கிலாந்தில் அப்படியில்லை. மனைவிக்குச் சொந்தமான காரைக் கணவர் கொண்டுபோய் மது அருந்தியபின் நண்பர் ஒருவரிடம் ஓட்டக் கொடுக்க, விபத்தில் அவ்விருவரும் இறந்து உடன் சென்றோர் காயமுற்ற வழக்கொன்று பிரபுக்கள் சபைவரை சென்றது. அது குடும்பக் கார் என்பதனால் மட்டும் வீட்டிலிருந்த மனைவி பொறுப்பாளியாகமாட்டார் என்று 1972இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஓட்டியவர் சொந்தக்காரரின் வேலைக்காக, அவர் ஏவலில் ஓட்டினாரா என்பதே அங்குள்ள கேள்வி.

அடுத்தது காப்புறுதி. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி இலங்கையில் எவ்வாகனத்தையும் வீதியில் ஓட்டலாகாது. ஆனால் அந்தக் கட்டாயக் காப்புறுதி நம் வண்டியில் ஏறியிருக்கும் நம்மவரையும் தானாகவே தழுவும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்திலேயே ஏறியிருப்போருக்கான காப்புறுதி கட்டாயமானது 1972 டிசம்பரிலிருந்துதான். இந்திய உயர்நீதிமன்றம் 2006இல் தீர்த்த திலக் சிங் வழக்கில், ஸ்கூட்டரின் பின்னாசனத்தில் இலவசமாய்ச் சென்று இறந்தவருக்காகச் சட்டம் விதித்த அடிப்படைக் காப்புறுதியின் கீழ்க் கம்பனி பணம் தரவேண்டியதில்லை என்று முடிவாயிற்று. அப்படியானால் ஓட்டியவரின் பொறுப்பு நீங்கிவிடுமா? நீங்காது, கம்பனியின் பை மூடிக்கொள்ள, அவரது சொந்தப் பை மட்டும் எஞ்சும்.

இதனால் தெளியப்படுவது யாதெனில், மாமிக்கு ஏறும்போதே பாதுகாப்பு வேண்டுமானால் அதனை மருமகன் முன்னரே வாங்கியிருக்க வேண்டும். முழுமையான காப்புறுதியோ, பின்னாசனத்தில் இருப்பவருக்கென்று மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்கும் பாதுகாப்போ உண்டா என்று பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அது இருப்பின், வழக்கில் மருமகனின் பெயர் எழுதப்பட்டாலும் பணம் தருவது கம்பனி. மாமி மருமகனைப் பகைக்கவில்லை. மருமகன் பல ஆண்டுகளாகச் செலுத்தி வந்த கட்டணத்தின் பயனைக் கேட்கிறார், அவ்வளவே.

நம் மரபுக்கு இது புதிதா? இஸ்லாமிய நீதிநூல்கள் தவறுதலாக நேர்ந்த உயிரிழப்புக்கு 'தியத்' என்னும் ஈட்டுப்பணத்தை விதித்தன. அதனைக் கொலையாளி ஒருவர்மேலேயே சுமத்தாமல், 'ஆகிலா' எனப்படும் அவருடைய உறவுக் கூட்டம் பங்கிட்டுச் சுமக்கச் செய்தன. ஒருவரின் தவறுதலைப் பலர் தோள்கொடுத்துத் தாங்குவது அதன் கருத்து. இறந்தவரின் உரியவர்கள் விரும்பினால் அதனை மன்னித்துவிடவும் இடமுண்டு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமை என்று ஒன்று நிலைபெற்றிருந்தாலன்றோ அதனை மன்னிக்க முடியும்? மாடு குறுக்கே வந்தது என்று எழுதிவிட்ட பிறகு, மாமி மன்னிப்பதற்குத்தான் என்ன இருக்கிறது?

மனத்திற் கொள்ள வேண்டியவை

முதலாவது, விபத்து நேர்ந்தவுடன் வண்டியை நிறுத்திக் காயப்பட்டவரைக் கவனிக்க வேண்டும். பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். நடந்ததை நடந்தவாறே சொல்ல வேண்டும். கவனயீனமாக ஓட்டியதற்குத் தண்டம் வரக்கூடும். அது குற்றவியல் வழக்கு. நஷ்டஈடு குடியியல் வழக்கு. முன்னதற்கு அஞ்சிப் பொய் சொன்னால் பின்னதும் பாழாகும்.

இரண்டாவது, காப்புறுதிக் கம்பனிக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். நடந்ததை மறைக்கவும் கூடாது. கம்பனியைக் கேளாமல், இவ்வளவு பணம் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கவும் கூடாது. பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்களில் இத்தகைய நிபந்தனை உண்டு.

மூன்றாவது, வைத்தியத் துண்டுகள், மருந்துப் பற்றுச்சீட்டுகள், வருமானத்தைக் காட்டும் கணக்குகள் யாவற்றையும் பேண வேண்டும். நெய்த துணிக்கு முதலாளி தந்த சிறு கணக்குக் கொப்பியும் நீதிமன்றத்தில் பேசும்.

நான்காவது, காலம். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய தீங்குக்கான வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். குடும்பத்துள் பேசித் தீர்ப்போம் என்று நாளைக் கடத்தினால், பேச்சு முடியுமுன் உரிமை முடிந்துவிடும்.

ஐந்தாவது, ஏறுபவருக்கும் கடமை உண்டு. காயப்பட்டவரிடம் சிறிது தவறிருந்தாலும் வழக்கு முழுதும் விழும் என்பது பழைய ஆங்கிலக் கொள்கை. இங்கிலாந்து 1945இலும், இலங்கை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும் அதனை மாற்றின. இப்போது நீதிமன்றம் தவற்றின் பங்குக்கேற்ப நஷ்டஈட்டைக் குறைக்கும். தலைக்கவசம் அணியாமல் ஏறியவரும், ஓட்டுபவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லையென்று அறிந்தே ஏறியவரும் இதனை நினைவிற் கொள்க. அச்சட்டம் கூட்டாகத் தவறிழைத்தவர்களைப் பற்றியும் பேசுகிறது. வீதியில் நெல்லைப் பரப்பியவரின் கவனயீனமும் விபத்துக்குக் காரணமாயின், அவரும் பங்கு ஏற்க நேரலாம். இல்லாத மாட்டை வீதியில் ஓடவிட்ட நம் குடும்பம், இருந்த நெல்லையும் அல்லவா மறைத்துவிட்டது!

இனி அந்த மருதமுனை வீட்டுக்குத் திரும்புவோம். பொய்யினால் உறவு காக்கப்பட்டது என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் உள்ளே என்ன நிகழ்கிறது? மருமகன் நாள்தோறும் அசையாத தறியைக் கடந்து வேலைக்குப் போகிறார். நொண்டி நடக்கும் மாமியின் கையாற் சோறு வாங்கி உண்கிறார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமையே அவருக்குப் பெருஞ்சுமை. மகளோ உம்மாவுக்கும் கணவனுக்கும் நடுவே நின்று இருவரிடமும் வாய் திறவாதிருக்கிறாள்.

முதல் நாளே அவர், "நான்தான் பொறுக்காமல் முந்தினேன்" என்று சொல்லியிருந்தால்? பொலிசில் ஒரு நாள் தலைகுனிவு வந்திருக்கும். ஒரு தண்டமும் வந்திருக்கலாம். ஆனால் மாமியின் காலுக்கு நல்ல வைத்தியம் தேட வழி பிறந்திருக்கும். காப்புறுதி கைகொடுத்திருந்தால் கம்பனியின் பணத்தாலும், கொடாதிருந்தால் மருமகனே மாதந்தோறும் இன்னது தருவேன் என்று பெரியவர்கள் முன் எழுதி ஏற்ற பணத்தாலும் அவ்வீட்டின் அடுப்பு எரிந்திருக்கும். தறி மீண்டும் ஓடும் நாளில், அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே அந்தப் பிள்ளையும் தலைநிமிர்ந்து அவ்வீட்டில் இருந்திருப்பார்.

உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கிறது? இன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருப்பீர்கள். அதனைத் தேடியெடுத்து, பின்னாசனத்தில் இருப்பவரைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறதென்று பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உம்மாவையும் அருகே அழைத்து அமர்த்திக்கொள்ளுங்கள்.